வீட்டு ஓவனில் வெளியே மொறுமொறுப்பாக, உள்ளே துளைதுளையாகப் பாண் சுடுவது எப்படி? எனக்குத் தட்டையாகவே வருகிறது

தட்டையாக வருகிறது என்றால் பெரும்பாலும் உங்கள் மா மிஞ்சிப் புளித்துவிட்டது. குளிர் நாட்டுக்காரர் யாரோ வீடியோவில் எட்டு மணித்தியாலம் பொங்க விடச் சொல்லியிருப்பார், நீங்களும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். யாழ்ப்பாணம் கொக்குவிலில் என் குசினியில் மத்தியானம் 32 பாகை. இந்த வெக்கைக்கு மூன்றரை, நாலு மணித்தியாலமே போதும்.

நான் எங்கேயும் போய்ப் படித்தவள் இல்லை. வெளிநாட்டு வெதுப்பகங்களில் வேலை செய்பவர்கள் பிழை பிடிக்கலாம், பிடியுங்கள். ஆனால் என் அப்பா முப்பது வருடத்துக்கு மேல் போறணையில், அதுதான் பாண் சுடும் விறகு அடுப்பில், நின்றவர். பொங்கிய மாவை விரலால் அழுத்திப் பார்ப்பார். குழி உடனே மேலே வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். மெல்ல மெல்ல வந்தால் போறணைக்குப் போகலாம். வரவே இல்லையென்றால் பிந்திவிட்டது.

என் அளவு: கோதுமை மா 500 கிராம், தண்ணீர் 325 மில்லிலீற்றர், புளித்த மா (மாவும் தண்ணீரும் கலந்து தானாகப் புளித்து நுரைத்தது) 100 கிராம், உப்பு 10 கிராம். கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் உப்பை 8 ஆக்குங்கள். மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து அரை மணித்தியாலம் மூடி வையுங்கள், அடித்துப் பிசையாமலே இழுபடத் தொடங்கும். அப்புறம் மற்றவற்றைச் சேர்த்து, அரை மணிக்கு ஒருதரம் நாலு பக்கமும் இழுத்து மடியுங்கள். நாலு தரம் போதும். ஒன்றரை மடங்காகப் பொங்கியதும் உருட்டி, இரவு பிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

காலையில் மூடியுள்ள கனமான இரும்புச் சட்டியை 230 பாகையில் அரை மணித்தியாலம் காய விட்டு, மாவின் மேலே சவர பிளேட்டால் கீறி உள்ளே இறக்குங்கள். 20 நிமிடம் மூடியோடு, 20 நிமிடம் மூடியில்லாமல். மூடி எதற்கென்றால், ஆவி உள்ளேயே நின்றால்தான் தோல் இறுகாமல் பாண் எழும்பும்.

இதை நான் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். போறணையில் விறகு எரிந்து தணல் ஒதுக்கிய பிறகு, அப்பா நீளத் தடியில் கட்டிய ஈரச் சாக்கால் உள்தரையைத் துடைப்பார். உஸ்ஸென்று ஆவி கிளம்பும். சாம்பல் போகத்தான் துடைக்கிறார் என்று நினைத்திருந்தேன், அந்த ஆவியும் பாணுக்கு வேண்டியது என்று பிறகுதான் விளங்கியது. துடைத்த பிறகு ஒரு பிடி உலர்ந்த மாவை உள்ளே எறிவார். உடனே கருகினால் காத்திருப்பார், மெல்லச் சிவந்தால் பாணை வைப்பார்.

1990களில் போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்த நேரம் ஈஸ்ட் இல்லாத நாட்களில் கள்ளு மண்டியை மாவில் கலந்து புளிக்க வைத்தார். இப்போது இப்படித் தானாகப் புளித்த மாவில் சுடும் பாணைச் சவர்டோ என்று பெரிதாகக் கதைக்கிறார்கள், அவருக்கு அது ஈஸ்ட் இல்லாத நாளின் வேலை.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், என்றாலும் எழுதுகிறேன். அக்காவுக்குப் பேசி வந்த ஒரு சம்பந்தம் "போறணைக்காரன் வீடு" என்று திரும்பிப் போனது. 2023 இல் பாரிஸின் சிறந்த பகெட் (நீளமான பிரெஞ்சுப் பாண்) பரிசு, அங்கே வெதுப்பகம் நடத்தும் எங்கள் இலங்கைத் தமிழர் தர்ஷன் செல்வராஜாவுக்குக் கிடைத்தபோது, அதே வீட்டார்தான் "எங்கட பொடியன்" என்று படம் பகிர்ந்தார்கள். அவர் வென்றதில் எனக்கும் நெஞ்சு நிறைந்த சந்தோஷம். ஆனால் முழங்கை வரை சுட்ட தழும்போடு செத்துப்போன என் அப்பாவை ஒருவரும் எங்கட ஆள் என்று சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, உங்கள் பாணுக்கு வருகிறேன். வெளியே எடுத்ததும் வெட்டாதீர்கள், உள்ளே பசையாக ஒட்டும். ஒரு மணித்தியாலம் ஆற விடுங்கள். அடுத்த முறையும் தட்டையாக வந்தால், எத்தனை மணிக்குக் குழைத்தீர்கள், வீட்டில் எவ்வளவு வெக்கை என்று எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.