புதன்கிழமையைத் தாண்டாத அட்டவணை

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில், ஆர்டர்களைத் தொடக்கம் முதல் கடைசி வரை கவனிக்கும் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். வயது 38. மகள் ஏழாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. கணவர் ஒரு சாய ஆலையில் கணக்கர். மாமியார் எங்களுடன் இருக்கிறார்.

எங்கள் வாடிக்கையாளர்கள் ஜெர்மனிக்காரர்கள். அவர்கள் அலுவலகம் திறக்கும்போது நமக்கு நண்பகல் ஆகிவிடும் என்பதால் மின்னஞ்சல்கள் மாலையில்தான் குவியும். வீடு திரும்ப இரவு எட்டு மணி. சரக்கு ஏற்றும் வாரமென்றால் பத்து. ஞாயிறு மட்டும் விடுமுறை.

இதற்கு நடுவில் எனக்கென்று மூன்று காரியங்கள் வைத்திருக்கிறேன். பழைய நூல்களைத் தன்னார்வலர்கள் இணையத்தில் ஏற்றும் விக்கிமூலம் தளத்தில், நாட்டுடைமையாக்கப்பட்ட நூல் ஒன்றுக்கு மெய்ப்புப் பார்த்துவருகிறேன். கொங்கு நாட்டு ஊர்களைப் பற்றியது, 310 பக்கம். இதுவரை 120 பக்கம் முடித்திருக்கிறேன். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் ஆகிறது. என் அப்பாவின் ஊர் அதில் ஒரு பத்தியில் வருகிறது. இப்போது தூர்ந்துபோன குளத்தின் பெயரும், அதன் மதகுக்குப் பக்கத்தில் நின்ற வீரக்கல்லும் அந்தப் பத்தியில் இருக்கின்றன. அதைத் தட்டச்சில் திருத்திய இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்து, வயலின் கற்கிறேன். மூன்றாவது, புத்தக வாசிப்பு. ஆண்டுக்கு 25 புத்தகம் என்று எழுதி வைத்தேன், ஆறோடு நிற்கிறது.

அட்டவணையும் போட்டேன். திங்கள், வியாழன் மெய்ப்பு. செவ்வாய், வெள்ளி வயலின். புதன், சனி வாசிப்பு. ஞாயிறு குடும்பமும் வீட்டு வேலையும். எந்த வாரமும் இது புதன்கிழமையைத் தாண்டியதில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்தால் நூல் நினைவுக்கு வருகிறது, நூலைத் திறந்தால் பிள்ளைகள் நினைவு. எல்லாவற்றையும் சமமாகக் கொண்டுபோகிறவர்கள் எப்படிச் செய்கிறார்கள்? நான் எதையாவது விட்டுவிட வேண்டுமா?

அன்புடன்,
ம., திருப்பூர்

*

அன்புள்ள ம.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆம், ஒன்றை விட வேண்டும். வயலினை, இந்த ஓர் ஆண்டுக்கு.

உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். மெய்ப்புக்கு ஒரு நீண்ட பத்தி எழுதியிருக்கிறீர்கள். எத்தனை பக்கம், ஒரு பக்கத்துக்கு எத்தனை நிமிடம், எந்தக் குளம், எந்தக் கல் என்று எல்லாமே இருக்கிறது. வயலினைப் பற்றி எழுதியது 'கற்கிறேன்' என்பது மட்டும். எந்தப் பாட வரிசையில் நிற்கிறீர்கள், ஆசிரியர் என்ன சொன்னார், எது கைக்கு வரவில்லை என்று ஒரு சொல்கூட இல்லை. உங்கள் மனம் எங்கே குடியிருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வேறொரு காரணமும் உண்டு. வீணையில் 24 மெட்டுகள் விரலுக்கு இடம் காட்டும். வயலினில் அப்படி எதுவும் கிடையாது. சுரம் நிற்கும் இடத்தைக் காதும் விரலும் தாமாகவே கண்டுபிடித்தாக வேண்டும். தொடக்கப் பாடமான சரளி வரிசையை மூன்று வேகத்திலும் நாள்தோறும் வாசித்துத்தான் அந்த இடம் பழகும். செவ்வாய் வாசித்து, அடுத்து வில்லை வெள்ளிக்கிழமை எடுத்தால், செவ்வாயன்று பழகியதைத் திரும்பப் பிடிப்பதிலேயே வெள்ளி போய்விடும். தினமும் அரை மணி நேரம் கொடுக்க முடிகிற காலம் உங்களுக்கு வரும். மகன் தானே குளித்து, தானே பையை எடுத்துவைக்கும் வயது தொலைவில் இல்லை. ஆசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். சொல்லாமல் வகுப்பைத் தவறவிட்டுக்கொண்டே இருப்பதில்தான் மனம் கசக்கும்.

அடுத்து, அந்த அட்டவணை. அது உடைவதற்கு உங்கள் சோம்பல் காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் தொழில் வாரக் கணக்கில் நடப்பதே இல்லை. சாம்பிளுக்கு ஒப்புதல், நூல் கொள்முதல், பின்னல், சாயம், தையல், பரிசோதனை, கன்டெய்னர் என்று ஓர் ஆர்டரின் சுழற்சியில் அது நடக்கிறது. சாம்பிள் போய்ப் பதிலுக்குக் காத்திருக்கும் நாட்களும் சரக்கு ஏற்றும் நாட்களும் ஒன்றாகுமா? இரண்டுக்கும் ஒரே அட்டவணையைப் போட்டால் ஒன்றில் அது தளரும், மற்றொன்றில் கிழியும். தினமும் மாலையைச் சொந்த வேலைக்கு ஒதுக்கியதும் பொருந்தவில்லை. ஜெர்மனியில் காலை எட்டு மணி என்பது நமக்குக் கோடையில் பதினொன்றரை, குளிர்காலத்தில் பன்னிரண்டரை. அவர்களுடைய பிற்பகல் முழுவதும் உங்கள் மாலைக்குள்தான் வந்து விழும். அதை நீங்கள் மாற்ற முடியாது.

ஆகவே சரக்கு ஏற்றும் வாரத்தில் ஒன்றுமே வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பக்கம்கூட வேண்டாம். முன்கூட்டியே முடிவு செய்து விட்ட வாரம் மனத்தை அரிக்காது. மீதி வாரங்களின் கணக்கைப் பார்ப்போம். மீதம் 190 பக்கம், பக்கத்துக்கு இருபது நிமிடம், மொத்தம் 64 மணி நேரத்துக்குள் முடியும். ஞாயிறு காலை மூன்று மணி நேரம் கிடைத்தால் ஒன்பது பக்கம். 22 ஞாயிறுகளில் நூல் முடிந்துவிடும். ஆண்டில் 52 ஞாயிறுகள். சரக்கு வாரங்களையும் கல்யாணங்களையும் பிள்ளைகளின் பரீட்சையையும் காய்ச்சலையும் தாராளமாகக் கழித்தாலும் மிச்சமிருக்கும். டிசம்பர் கடைசி வாரத்தில் உங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் விடுமுறையில் இருப்பார்கள், அப்போது மாலைகளும் கொஞ்சம் உங்கள் கைக்கு வரும். வாரத்துக்கு எத்தனை நாள் உட்கார்ந்தோம் என்று பார்க்காமல், மாதக் கடைசியில் பக்கத்தை மட்டும் எண்ணுங்கள்.

உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தார். அதே ஆண்டில்தான் அந்த ஊருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பிலிருந்து பிறந்தது சீவக சிந்தாமணிப் பதிப்பு. அது அச்சில் வந்தது 1887இல். ஏழு ஆண்டுகள். பகலில் வகுப்பு, எஞ்சிய பொழுதில் ஏடு. பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் அதற்குப் பிறகு வந்தவை, அவையும் அந்தக் கல்லூரி வேலையில் இருந்துகொண்டே செய்தவைதான். அந்த ஏழு ஆண்டுகளில் ஏட்டைத் தொடாமல் போன வாரங்கள் எத்தனையோ இருந்திருக்கும். உங்கள் வேலையும் அந்த இனத்தைச் சேர்ந்தது. வாரத்தை வைத்து அதை அளந்தால் எப்போதும் குறையாகத்தான் தெரியும்.

இப்போது கொஞ்சம் கடினமான பகுதிக்கு வருகிறேன். ஞாயிறு காலை மூன்று மணி நேரம் என்று நான் எளிதாக எழுதிவிட்டேன். அந்த மூன்று மணி நேரத்தில் அடுப்பு யார் பொறுப்பு?

நேரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரோலப்பைத் தவறாமல் சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் தபால் துறையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே நாவல்களை எழுதிக் குவித்தவர். காலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்துவிடுவார். கடிகாரத்தை எதிரில் வைத்துக் கால் மணிக்கு 250 சொற்கள் வீதம் எழுதினார். இவ்வளவும் எல்லோரும் சொல்வது. அவர் தம் சுயசரிதையில் எழுதிய இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. அவரை எழுப்பிக் காப்பி கொடுப்பதற்காக வயதான குதிரைக்காரர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். அந்த மனிதர் ஒரு நாளும் காப்பியோடு வரத் தாமதித்ததில்லை. தம் வெற்றிக்கு வேறு எவரையும்விட அவருக்கே அதிகம் கடன்பட்டிருப்பதாக டிரோலப் எழுதியிருக்கிறார். அவருக்கு முன்னால் எழுந்தவர் ஒருவர் இருந்தார். உ.வே.சா. வீட்டிலும் சமைத்தவர்களும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். எல்லாவற்றையும் சமமாகக் கொண்டுபோகிறவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டீர்கள். பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள், ம. யாரோ ஒருவர் அவர்களுக்காக எழுந்திருக்கிறார்.

உங்கள் அட்டவணையில் 'குடும்பமும் வீட்டு வேலையும்' என்று ஒரு நாளுக்குப் பெயர் இருக்கிறது. உங்கள் கணவர் ஓர் அட்டவணை போட்டால் அதில் அப்படி ஒரு நாள் இருக்குமா? அவர் நல்லவராக இருக்கலாம், கேட்டால் செய்கிறவராகவும் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் புதிதாகக் கேட்டு வாங்கும் நேரத்தில் நிம்மதியாக உட்கார முடியாது. பேசி ஒரு முறை முடிவு செய்துகொள்ளுங்கள். ஞாயிறு காலை ஆறிலிருந்து ஒன்பது வரை சமையலறையும் பிள்ளைகளும் அவருடைய பொறுப்பு. இட்லியோ, உப்புமாவோ, வாங்கி வந்த ரொட்டியோ, அது அவர் முடிவு. நடுவில் எழுந்துபோய் மிளகாய்ப்பொடி எங்கே என்று எடுத்துக் கொடுக்காதீர்கள். அவருக்கும் ஏதாவது ஆசை இருந்தால் இன்னொரு பொழுதை அதேபோல் விட்டுக்கொடுங்கள். மாமியாரை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவர் தம் பங்கை எத்தனையோ ஆண்டுகளாகச் செய்துவிட்டவர்.

பிள்ளைகளோடு இருக்கும்போது நூல் நினைவு வருவது குற்றமில்லை. பாதியில் நிற்கும் எந்த வேலையும் அப்படித்தான் கூப்பிடும். அடுத்த முறை எப்போது உட்காரப் போகிறோம் என்பது உறுதியாகத் தெரிந்துவிட்டால் அந்தக் கூப்பாடு பாதிக்குமேல் அடங்கிவிடும். மகளுக்குத் தானாக ஆர்வம் வந்தால் அவள் தாத்தாவின் ஊர் வரும் பத்தியைக் காட்டுங்கள். அதற்கு மேல் அவளை உங்கள் வேலைக்குள் இழுக்க வேண்டாம்.

வாசிப்புக்கு வருகிறேன். அந்த 25ஐ அடித்துவிடுங்கள். மெய்ப்புப் பார்ப்பதைவிட நெருக்கமான வாசிப்பு எது? பழைய அச்சில் ணா, றா, னா ஆகியவற்றுக்கும் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கும் வேறு வடிவங்கள் இருந்தன. 1978இல் தமிழ்நாடு அரசு சீர்திருத்த எழுத்தை ஏற்பதற்கு முன் அச்சான பெரும்பாலான நூல்களில் அவற்றைப் பார்க்கலாம். பக்கத்தின் படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருளான எழுத்துணரி தடுமாறும் அந்த இடங்களையெல்லாம் நீங்கள் ஒவ்வொரு எழுத்தாக நின்று பார்க்கிறீர்கள். 120 பக்கத்தை அப்படிப் படித்தவருக்கு ஆறு புத்தகம்தான் படித்தேன் என்ற வருத்தம் எதற்கு? இந்த ஆண்டு வாசிப்பை அந்த நூலைச் சுற்றியே வைத்துக்கொள்ளுங்கள். வீரக்கல்லைப் பற்றி ஒரு நூல், கொங்குக் கல்வெட்டுகளைப் பற்றி ஒன்று, குளமும் மதகும் எப்படி வேலை செய்தன என்பதைச் சொல்லும் ஏதாவது ஒன்று. ஒன்று இன்னொன்றுக்கு வழி காட்டும்போது தேர்ந்தெடுக்கும் அலுப்பே இருக்காது. இரவு எட்டு மணிக்கு மேல் மெய்ப்புப் பார்க்காதீர்கள், களைத்த கண்ணுக்கு ரகரமும் றகரமும் ஒன்றுதான். அந்த நேரத்துக்கு ஒரு நாவல் தலைமாட்டில் இருக்கட்டும். இரண்டு பக்கத்தில் தூக்கம் வந்தால் தூங்கிவிடுங்கள்.

நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் வேலைக்கு ஒரு பெரிய நற்குணம் உண்டு, அதை நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. அது உங்களுக்காகக் காத்திருக்கும். ஒரு மாதம் தொடாவிட்டாலும் 121ஆம் பக்கம் அங்கேயே இருக்கும். அது உங்கள் ஒருவரால் மட்டும் முடிய வேண்டியதும் இல்லை. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியபோது, அதை முன்னின்று நடத்திய கி. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் வேதியியலாளராக இருந்தார். பல நாடுகளில் வெவ்வேறு வேலைகளில் இருந்த தமிழர்கள் ஓய்வு நேரத்தில் தட்டச்சு செய்ய, வேறு சிலர் பிழை திருத்த, நம் இலக்கியங்கள் இணையத்துக்கு வந்தன. அவர்களில் எவருக்கும் முழு நாள் கையில் இல்லை. வேலையைச் சிறு துண்டுகளாக்கிப் பலர் கையில் கொடுத்தார்கள், அதனால் நடந்தது. விக்கிமூலமும் அதே வழியில் வந்ததுதான். நீங்கள் மெய்ப்புப் பார்த்த பக்கத்தின் நிலைக் குறி மஞ்சளாகும். இன்னொருவர் வந்து அதைச் சரிபார்த்தால்தான் பச்சையாகும். இரண்டாவது ஆள் இல்லாமல் அந்த நூல் முடியவே முடியாது. அப்படிப்பட்ட வேலையை முழுக்க உங்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு புதன்கிழமைதோறும் வருந்தத் தேவையில்லை.

நூலின் இணைப்பை எனக்கு அனுப்புங்கள். நீங்கள் முடித்த 120 பக்கங்களில் மஞ்சளாக நிற்பவற்றை முதல் பக்கத்திலிருந்து சரிபார்த்து வருகிறேன். கொங்குப் பகுதியைச் சேர்ந்த வாசகர்கள் யாரேனும் இதைப் படித்தால், கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி மெய்ப்புப் பார்க்க வாருங்கள். ஊர்ப் பெயர்களில் எழுத்துணரி செய்திருக்கும் குழப்பத்தை அந்தந்த ஊர்க்காரர்களால்தான் சட்டென்று கண்டுபிடிக்க முடியும்.

அன்புடன்