பேரிக்காய்த் துண்டுகள் பழுப்பாகாமல் அழகாக வர என்ன செய்வது?

விருந்தினருக்குப் பேரிக்காய் வெட்டினால் துண்டுகள் ஒழுங்காக வருவதில்லை, பேசி முடிப்பதற்குள் பழுப்பேறிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வழக்கமாக இதற்கு “எலுமிச்சை பிழியுங்கள்” என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார்கள். தவறில்லை, ஆனால் பாதி வேலை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. நீங்கள் எடுத்தது அநேகமாகக் கனிந்துபோன பழம், கூடவே மொண்ணைக் கத்தி.

பேரிக்காய் உள்ளிருந்து வெளியே கனியும். வயிற்றுப் பகுதியை அமுக்கிப் பார்த்து அது மெத்தென்று இருந்தால், நடுவில் ஏற்கெனவே குழைந்திருக்கும். காம்பை ஒட்டிய கழுத்தைக் கட்டைவிரலால் மெல்ல அமுக்குங்கள். லேசாக இடம் கொடுத்தால் வெட்டுவதற்குச் சரியான பதம். கல்லாக இருந்தால் ஃபிரிட்ஜுக்கு வெளியே வையுங்கள், பக்கத்தில் ஒரு வாழைப்பழம் இருந்தால் சீக்கிரம் கனியும். உருண்டையாக, ஆப்பிள்போல் மொறுமொறுவென்று இருக்கும் ஆசிய வகைக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அது மெத்தென்று ஆகாது, அப்படியே வெட்டலாம்.

(இணையத்தில் பளபளக்கும் பேரிக்காய்ப் படங்கள் பலவும் கனியாத பழத்தில் எடுத்தவையாகத்தான் தெரிகின்றன. வெட்ட அருமையாக வரும், வாயில் வைத்தால் சுவையே இருக்காது. அதைப் பார்த்து உங்கள் கைத்திறனைக் குறைத்து எடைபோடாதீர்கள்.)

அடுத்தது கத்தி. சதையின் செல்கள் உடையும்போது அவற்றிலுள்ள நொதி காற்றோடு சேர்ந்து பழுப்பு நிறத்தை உண்டாக்குகிறது. மொண்ணைக் கத்தி வெட்டுவதில்லை, நசுக்குகிறது. அதனால்தான் அதே பழம் ஒரு வீட்டில் வெள்ளையாக இருக்கிறது, இன்னொரு வீட்டில் கறுக்கிறது. துருப்பிடிக்காத எஃகில் மெல்லிய கத்தியாக எடுத்து, அழுத்தாமல் இழுத்து வெட்டுங்கள். வெட்டுவதற்கு அரை மணி நேரம் முன்பு பழத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் விளிம்பு கூர்மையாக வரும்.

விசிறி வடிவம்தான் குறைந்த உழைப்பில் அதிகம் எடுபடும். பழத்தை நிமிர்த்தி வைத்து, காம்பையும் சேர்த்து நேர் பாதியாகப் பிளக்கவும். உருண்டையான அளவுக் கரண்டியால் விதைப்பகுதியை ஒரே சுழற்றில் தோண்டி எடுக்கவும். அங்கிருந்து காம்பு வரை ஒரு நார் ஓடும். பலரும் அதை விட்டுவிடுவார்கள், பல்லில் மாட்டுவது அதுதான். இருபுறமும் சாய்வாகக் கீறினால் முழுதாக வந்துவிடும். அடியிலுள்ள காய்ந்த பூமுனையையும் நீக்குங்கள். இப்போது வெட்டுமுகம் பலகையில் படும்படி கவிழ்த்து, காம்பிலிருந்து ஒன்றரை செ.மீ. விட்டு, அடிவரை 3 மி.மீ. இடைவெளியில் நீளவாக்கில் கீறுங்கள். காம்புப் பக்கம் ஒட்டியே இருக்க வேண்டும். உள்ளங்கையால் மெல்ல அழுத்தி ஒரு பக்கமாகத் தள்ளினால் விரியும். 5 மி.மீ. தாண்டினால் விரியாது, 2 மி.மீ.க்குக் குறைந்தால் முறியும். தோலைச் சீவாதீர்கள், துண்டுகளைக் குலையாமல் பிடித்திருப்பதே தோல்தான். தோல் பிடிக்காதவர்கள் இருந்தால் பீலரால் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பட்டை பட்டையாகச் சீவலாம், அதுவும் பார்க்க நன்றாகவே இருக்கும்.

வட்டத் துண்டுகளும் அழகுதான். குறுக்காக 5 மி.மீ. கனத்தில் வெட்டினால் நடுவில் ஐந்து விதையறைகள் நட்சத்திரம்போல் தெரியும். கத்தி முனையால் விதைகளை மட்டும் தள்ளிவிடுங்கள். நடுப்பகுதியைச் சுற்றி நறநறப்பு அதிகம், பேரிக்காயின் இயல்பு அது. குழந்தைகளுக்கு என்றால் நட்சத்திரத்தை மறந்து, நடுவை வட்டமாக வெட்டி எடுத்துவிடுவது நல்லது.

இனி எலுமிச்சை. நேரே பிழியாதீர்கள், பேரிக்காயின் மெல்லிய மணம் புளிப்பில் காணாமல் போய்விடும். ஒரு கப் தண்ணீருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் சாறு, 3 நிமிடம் போதும். புளிப்பே வேண்டாம் என்றால் அரை லிட்டர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு கரைத்து 5 நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். ஒரு கப் தண்ணீரில் 2 டேபிள்ஸ்பூன் தேன் கலந்தாலும் பழுப்பு மட்டுப்படும், சுவையும் கெடாது. எதில் போட்டாலும் துணியில் ஒற்றி ஈரம் எடுங்கள். விசிறியை விரிப்பது அதற்குப் பிறகுதான். தட்டில் தண்ணீர் தேங்கினால் எல்லா உழைப்பும் வீண்.

தட்டு அடர்நிறத்தில் இருக்கட்டும். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சதை எடுபடாது. மாதுளை முத்து தூவுவதானால் பரிமாறும் நொடியில் தூவுங்கள், சாறு இறங்கித் திட்டுத் திட்டாகச் சிவக்கும்.

“பழத்தைக் கடித்துத் தின்பதை விட்டுவிட்டு இதெல்லாம் எதற்கு?” என்று யாராவது வருவார்கள். தாராளமாகக் கடியுங்கள், கேள்வி அதுவல்ல. பெரும்பாலும் பழம் வெட்டுவது யாரோ, கருத்துச் சொல்வது யாரோ. வெட்டியவருக்கு மிஞ்சுவது விதைப்பகுதியில் ஒட்டிய சதைதான். வீட்டில் கத்தியைத் தீட்ட மட்டும் ஒருவரும் முன்வர மாட்டார்கள்.

மீந்த துண்டுகளை மூடியுள்ள டப்பாவில், காற்று குறைவாக இருக்கும்படி நிரப்பி ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை தாங்கும். சாப்பிடுவதற்குக் கால் மணி நேரம் முன்பு வெளியே எடுங்கள், குளிரில் மணம் தெரியாது. கழுத்து அமுங்கி வயிறும் குழைந்த பழத்தை விசிறியாக்க முயல வேண்டாம். பாதியாக வெட்டி, நடுவைத் தோண்டி, கரண்டியோடு வைத்துவிடுங்கள்.