சுக்கு காபி குடித்ததும் விட்டுவிடும் நெஞ்சுப் பிடிப்பு

சுக்கு மல்லி காபி வயிற்றைப் புண்ணாக்குமா, சூடு ஏற்றுமா, ரத்தத்தை நீர்க்க வைக்குமா என்று கடிதத்தில் பக்கம் முழுக்கக் கேட்டிருக்கிறீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளரால் ஒன்றும் ஆகாது. வாட்ஸ்அப்பில் வந்ததை அழித்துவிடுங்கள்.

நான் இரண்டு முறை படித்தது கடைசி இரண்டு வரிகளைத்தான். உங்கள் அப்பாவுக்கு 61 வயது, 12 வருடமாகச் சர்க்கரை. மார்கழி விடியலில் சம்பா வயலுக்கு நடக்கும்போது நடு நெஞ்சில் பிடிக்கிறது. திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து, அம்மா தரும் சுக்கு காபியை ஊதி ஊதிக் குடித்தால், டம்ளர் காலியாவதற்குள் விட்டுவிடுகிறது. 'வாயுப் பிடிப்புதானே டாக்டர்?' என்கிறீர்கள்.

இல்லை, அப்படி நினைத்து விட்டுவிட முடியாது. சுக்குக்கு இதில் பங்கில்லை, உட்கார்ந்ததால்தான் விட்டது. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். அதோடு வேகமாக நடந்தால் இதயத்துக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும். குழாயில் அடைப்பு இருந்தால் அது போய்ச் சேராது, நெஞ்சு பிடிக்கும். உட்கார்ந்ததும் தேவை குறையும், பிடிப்பு தளரும். நடந்தால் வந்து நின்றால் போகிற வலியை, வேறு காரணம் உறுதியாகும்வரை, இதய வலியாகத்தான் பார்க்க வேண்டும்.

நாளைக்கே தஞ்சாவூர் அல்லது திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். படுக்க வைத்து எடுக்கும் ஈசிஜி நன்றாக இருக்கிறது என்று திரும்பி வந்துவிடாதீர்கள். வலி இல்லாத நேரத்தில் அது சரியாகவே தெரியலாம். நடக்கும்போது வருகிறது என்பதைச் சொல்லி, மற்ற சோதனைகளையும் கேளுங்கள். அதுவரை விடியற்கால நடை வேண்டாம். மருந்துக் கடையில் கேஸ் மாத்திரை வாங்கிக் கொடுத்து நாளைக் கடத்தவும் வேண்டாம். சட்டைப் பையில் அந்த மாத்திரை அட்டையோடு, மாரடைப்பு வந்த பிறகு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

ஒருநாள் உட்கார்ந்து ஐந்து நிமிடமாகியும் விடாவிட்டால், அல்லது வியர்த்துக் கொட்டினால், மூச்சு வாங்கினால், அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். சர்க்கரைக்காரர்களுக்கு வலி மங்கலாகத் தெரியலாம். வெறும் அசதி என்றாலும் நம்பாதீர்கள். பெரிய மருத்துவமனை தூரம் என்றால், 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டப்படி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் தருவார்கள்.

அப்புறம், சுக்கு காபியை நிறுத்த வேண்டாம். கருப்பட்டியை மட்டும் எடுத்துவிடுங்கள். அதுவும் சர்க்கரைதான்.