ஆரக்கிளில் இன்றைய தேதி: எந்த வழி வேகம்?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட ஆபீஸ். ஆரக்கிள் டேட்டாபேஸ். ஒவ்வொரு லாரி எடைக்கும் பிஎல்-எஸ்கியூஎல் (ஆரக்கிளின் புரோகிராம் மொழி) லூப்புக்குள் 'செலக்ட் சிஸ்டேட் இன்டு… ஃப்ரம் டுவல்' என்று தேதி எடுக்கிறோம். மாதக் கடைசியில் படு மெதுவு. இதை மாற்றினால் வேகம் கூடுமா?

பதில்: கூடும். ஆனால் மாதக் கடைசி இழுவைக்கு இது மட்டும் காரணமாக இருக்காது.

லூப்புக்குள் செலக்ட் போட்டால், ஒவ்வொரு சுற்றுக்கும் பிஎல்-எஸ்கியூஎல் வேலையை எஸ்கியூஎல் பக்கம் தள்ளிவிட்டுத் திரும்ப வாங்குகிறது. ஆரக்கிள் 10ஜி பதிப்பு வந்த பிறகு டுவல் என்ற ஒற்றை வரிசை டம்மி டேபிளைப் படிக்கும் செலவு போய்விட்டது. இந்தப் போக்குவரத்து போகவில்லை. ஒரு வேரியபிளில் சிஸ்டேட்டை நேரே போடுங்கள், அதையும் லூப்புக்கு வெளியே ஒரே தடவை. இரவு 11.58-க்குத் தொடங்கிய ஓட்டத்தில் பாதி வரிசைக்கு ஒரு தேதி, மீதிக்கு மறுநாள் தேதி என்று விழுகிற கோளாறும் இதோடு தீரும். அளந்து பார்க்க டிபிஎம்எஸ்_யூடிலிட்டியின் கெட்_டைம் போதும். அது நொடியில் நூற்றில் ஒரு பங்காகத்தான் எண்ணும். 10 லட்சம் சுற்றாவது விடுங்கள், நூறு சுற்றில் ஒன்றும் தெரியாது.

நான் முதலில் பார்க்கச் சொல்வது செலக்டின் 'வேர்' (WHERE) நிபந்தனை வரியை. 'ட்ரங்க்(எடை_தேதி) = ட்ரங்க்(சிஸ்டேட்)' என்று இருக்கிறதா? நெடுவரிசையின் (column) மேல் நேரத்தை வெட்டும் ட்ரங்க் மாதிரி ஃபங்ஷன் ஏறிவிட்டால் அதில் போட்ட சாதாரண இன்டெக்ஸ் உதவாது. ஆரக்கிள் எந்த வழியில் தேடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் பிளானில் 'டேபிள் ஆக்சஸ் ஃபுல்' என்று வரும். எடை_தேதி >= ட்ரங்க்(சிஸ்டேட்), எடை_தேதி < ட்ரங்க்(சிஸ்டேட்)+1 என்று இரண்டு எல்லையாக எழுதுங்கள். பிட்வீன் வேண்டாம்: மறுநாள் 00:00:00-க்கு விழுந்த எடை இரண்டு நாள் கணக்கிலும் ஏறிவிடும். டேட் வகை நெடுவரிசையை சிஸ்டைம்ஸ்டாம்ப்போடு ஒப்பிட்டாலும் இன்டெக்ஸுக்கு அதே கதைதான், ஆரக்கிள் நெடுவரிசையைத்தான் வேறு வகைக்கு மாற்றும். பிளானில் 'இன்டர்னல்_ஃபங்ஷன்' என்று காட்டிக்கொடுக்கும். சிஸ்டேட்டைச் சொந்த ஃபங்ஷனுக்குள் பொதித்து 'வேர்' வரியில் வைக்கும் பழக்கமும் சிலருக்கு உண்டு. வெறும் சிஸ்டேட் ஒரு ஸ்டேட்மென்டுக்கு ஒரு முறைதான் கணக்காகும். உங்கள் ஃபங்ஷனோ வரிசைக்கு வரிசை அழைக்கப்படலாம்.

வேகத்தைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று. சிஸ்டேட் தருவது டேட்டாபேஸ் சர்வரின் நேரம். சர்வர் கிளவுடுக்குப் போய் யூடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடினால், காலை 6 மணிப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) அங்கே முதல் நாள் இரவு 10 மணி. எட்டு மணிக்குள் பதிந்த பேரெல்லாம் நேற்றைய செக்ரோலில் (வருகைப் பதிவேடு) விழும். முதல் தேதியில் வந்தவர் பேர் போன மாதச் சம்பளத்தில் ஏறும். கரன்ட்_டேட் செஷனின் டைம்ஸோனைப் பார்க்கும், கிராணியின் (ஆபீஸ் குமாஸ்தா) கம்ப்யூட்டர் அமைப்பு தப்பென்றால் அதுவும் தப்பு. சிஸ்டைம்ஸ்டாம்ப்பை 'அட் டைம் ஸோன்' போட்டு 'ஆசியா/கோலா_லம்பூர்' நேரத்துக்கு மாற்றி, டேட் வகைக்கு மாற்றி (காஸ்ட்), அந்த ஒரு மதிப்பையே ஓட்டம் முழுக்க வைத்துக்கொள்ளுங்கள்.