பத்தரிடம் கேளுங்கள்: முதலில் நகையைத் திருப்பிப் பாருங்கள்

மதுரை தெற்காவணி மூல வீதியை ஒட்டிய ஒரு சந்தில் நாற்பத்தோரு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய நகையை அழித்துச் செய்வது பற்றித்தான். தங்கம் விற்கிற விலைக்குப் புதிதாக வாங்க முடியாமல் எல்லாரும் பீரோவைத் திறக்கிறார்கள் போலிருக்கிறது.

"பத்தர் ஐயா, மாமியார் வழியில் வந்த சிவப்புக் கல் அட்டிகை ஒன்று இருக்கிறது. ஆறரைப் பவுன். பார்க்கப் பழசாக இருப்பதால் மகள்கள் இருவரும் போட மாட்டேன் என்கிறார்கள். அதை அழித்து ஆளுக்கு மூன்று பவுனில் நெக்லஸ் செய்யலாமா?" - ஒரு வாசகி, திண்டுக்கல்

அம்மா, அந்த ஆறரைப் பவுன் எதை நிறுத்த எடை என்று முதலில் யோசியுங்கள். அட்டிகையை அப்படியே தராசில் வைத்தால் தங்கம், கல், உள்ளே இருக்கும் அரக்கு, அறுபது வருடத்து வியர்வை, சந்தனம் எல்லாம் சேர்ந்துதான் எடை காட்டும்.

போன ஆவணியில் என்னிடம் ஒன்று வந்தது. அதுவும் உங்களுடையது போல ஆறரைப் பவுன்தான், 52 கிராம். நகைக்கு உரியவர் கூடவே உட்கார்ந்திருந்தார். கல்லை எல்லாம் பெயர்த்து, அரக்கைச் சுரண்டி எடுத்த பிறகு 31 கிராம் நின்றது. மனிதருக்கு முகம் விழுந்துவிட்டது. அதோடு போகவில்லை. டச், அதாவது நூறு பங்கில் சுத்தத் தங்கம் எத்தனை பங்கு என்று பார்த்தால் 85. கல் நகையில் ஒட்டு அதிகம், ஒட்டு வைக்கிற இடத்தில் எல்லாம் பற்றாசு என்கிற ஒட்டு உலோகம் சேரும், பற்றாசில் செம்பும் வெள்ளியும் இருக்கும். அந்த 31 கிராமை இன்றைய 916-க்கு, அதாவது 22 காரட்டுக்குக் கணக்குப் போட்டால் 28 முக்கால் கிராம், மூன்றரைப் பவுனும் கொஞ்சமும். உருக்கும்போது போவது தனி. புதுசுக்குச் செய்கூலி, சேதாரம் தனி. மூன்று மூன்றாக ஆறு பவுன் என்று வந்தவர் நகையைத் துணியில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனார். கல்லைத் திருப்பிக் கட்டிக் கொடுக்கிற வேலை எனக்கு!

உங்களுடையதும் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் கல்லை எடுக்காமல் யாராவது "இதில் ஆறு பவுன் வரும்" என்றால் நம்பாதீர்கள்.

இப்போது நகையைக் குப்புறப் போடுங்கள். முன்பக்கம் பெண்ணுக்கு, பின்பக்கம் பத்தருக்கு என்பார் என் அப்பா. பெரும்பாலான பழைய அட்டிகைகளில் ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாகச் செய்து, பின்னால் சின்ன வளையங்களால் கோத்திருப்பார்கள். அப்படி இருந்தால் அழிக்கவே வேண்டாம். நடுப் பதக்கத்தைக் கழற்றி ஒரு மெல்லிய செயினில் போட்டால் அது ஒரு மகளுக்கு. மீதியில் இரண்டு பக்கமும் நாலைந்து கட்டம் எடுத்துவிட்டு நடுவில் முத்து கோத்தால் கழுத்தை ஒட்டிய நெக்லஸ், அது இன்னொரு மகளுக்கு. எடுத்த கட்டங்களில் இரண்டுக்குத் தண்டும் திருகாணியும் வைத்தால் தோடு. என் கூலி, செயின், முத்து, திருகாணி போக உங்களுக்கு வேறு செலவில்லை. ஒரு கிராம் தங்கமும் போகாது. நாளைக்குப் பேத்தி கேட்டால் பழையபடி கோத்துவிடலாம்.

பின்பக்கம் ஒரே தகடாக இருந்து, அதில் விரிசல் ஓடி, கல் இருந்த குழிகளில் பாதி காலியாகவும் இருந்தால் அழித்துச் செய்வதில் தப்பில்லை.

கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிவப்புக் கல்லைக் கெம்பு என்போம். "பர்மா கெம்பு" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். ஆலையில் உருக்கிச் செய்த கெம்பு சந்தைக்கு வந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, பாட்டி போட்டது என்பதற்காகவே அது பூமியில் விளைந்ததாகி விடாது. லென்ஸில் பார்த்தால் ஆலைக் கெம்புக்குள் வளைந்த கோடுகளும் உருண்டைக் குமிழ்களும் தெரியும். எதுவாக இருந்தாலும் கல்லை எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல சிவப்பில், ஒரே அளவில் இருபது பழைய கல் சேர்ப்பது இன்று லேசான காரியமில்லை.

"அம்மாவின் ஏழு கல் வைரத் தோடு மங்கிவிட்டது. வைரம் செத்துவிட்டது, மாற்றிவிடுங்கள் என்று ஒரு கடையில் சொன்னார்கள். ப்ளூ ஜாகர் என்று அம்மா சொல்வார். கல்லை எடுத்து ஒரு மோதிரமும் பெண்டன்ட்டும் செய்யலாமா?" - ஒரு வாசகி, காரைக்குடி

வைரம் சாகாது. கல்லைப் பதித்துக் கட்டியிருப்பதைக் கட்டிடம் என்போம். உங்கள் தோட்டின் பின்பக்கம் மூடின கட்டிடமா, திறந்த கட்டிடமா? மூடியிருந்தால், கல்லுக்கும் தகட்டுக்கும் நடுவில் இருக்கிற சந்துக்குள் வருடக்கணக்காக எண்ணெயும் சோப்பும் இறங்கியிருக்கும். கல்லுக்கு அடியில் பளபளப்புத் தாள் வைத்துக் கட்டியிருந்தால் அதுவும் கறுத்திருக்கும். கல்லை எடுத்துத் துடைத்துத் திருப்பிக் கட்டினால் போதும், அம்மா கல்யாணத்தில் எப்படி இருந்ததோ அப்படி வரும். திறந்த கட்டிடம் என்றால் இன்னும் சுலபம். வெதுவெதுப்பான தண்ணீரில் பூந்திக்கொட்டையை ஊறவைத்து, அந்த நுரையில் மெல்லிய பிரஷ்ஷால் பின்பக்கமாகத் தேய்த்துப் பாருங்கள். மூடின கட்டிடத்தை மட்டும் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள், உள்ளே போன ஈரம் வெளியே வராது.

ப்ளூ ஜாகர் என்பது தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்தது. அங்கே கிடைத்த நல்ல கற்களில் லேசான நீல ஓட்டம் இருக்கும். அம்மா சொல்வது உண்மையா என்பது வைரச் சோதனைக் கூடத்தில்தான் தெரியும். கண்ணால் பார்த்து நானே சொல்ல மாட்டேன்.

மோதிரம், பெண்டன்ட் விஷயத்துக்கு வருவோம். ஏழு கல் தோட்டில் ஏழும் ஒரே அளவு இருந்தால்தான் நடுவில் ஒன்றும் சுற்றி ஆறும் இடைவெளி இல்லாமல் உட்காரும். இரண்டு காதுக்கும் பதினாலு கல்லை அப்படித் தேடிச் சேர்த்திருக்கிறார்கள். அந்த ஜோடியைப் பிரிக்க எனக்கு மனசு வராது. பிரித்தே ஆகவேண்டும் என்றால், பூவைக் கலைக்காமல் ஒரு தோட்டை அப்படியே பெண்டன்ட் ஆக்குங்கள், இன்னொன்றை மோதிரத்தில் உட்கார வையுங்கள். நெருப்பு வைப்பதற்கு முன்னால் கல்லை எடுத்துவிடச் சொல்லுங்கள். வைரம் ஓரளவு தாங்கும், அடியில் உள்ள தாள் தாங்காது. முத்து, பவளம், மரகதம் இருக்கிற நகை என்றால் இது இன்னும் முக்கியம்.

முதலில் செய்யவேண்டியது திருகாணியை மாற்றுவது. பழைய தோட்டில் மரை தேய்ந்து, இரண்டு சுற்றிலேயே கழன்று வரும். காது வைரம் தொலைவது அதனால்தான்.

"வளையல் 2-4 அளவு. இப்போது எனக்கு 2-6 வேண்டும். பெரிதாக்க முடியுமா?" - ஒரு வாசகி, விருதுநகர்

கெட்டி வளையலா, உள்ளே வெற்றாக இருக்கிற கூடு வளையலா? மேஜையில் லேசாகத் தட்டிப் பாருங்கள். கெட்டி வளையல் கணீரென்று ஒலிக்கும், கூடு பொத்தென்று விழும். கெட்டி என்றால் முடியும். 2-4 என்றால் விட்டம் இரண்டு அங்குலமும் பதினாறில் நாலு பங்கும், 2-6 என்றால் பதினாறில் ஆறு பங்கு. விட்டத்தில் அரைக்கால் அங்குலம்தான் வித்தியாசம், சுற்றளவில் ஒரு சென்டிமீட்டர். அந்த அளவுக்கு ஒரு துண்டு வைத்து ஒட்டவேண்டும். கூடு வளையலை வெட்டி ஒட்டினால் அந்த இடம் நசுங்கும், உள்ளே விழுந்த சொட்டையை வெளியே தள்ளவும் வழியில்லை. அதைக் கொடுத்துவிட்டு வேறு வாங்குங்கள்.

"அப்பா வாங்கிய நகைகளில் முத்திரை எதுவும் இல்லை. மாற்றிச் செய்யும்போது ஏமாறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?" - ஒரு வாசகர், சிவகாசி

முத்திரை இல்லாததால் உங்கள் நகை செல்லாததாகி விடாது. ஹால்மார்க் கட்டாயமானது 2021-ல்தான், அதுவும் விற்கிற கடைக்கு. உங்கள் அப்பா காலத்தில் கடைக்காரர் வாக்குதான் முத்திரை. அந்த வாக்கிலும் பல தரம் உண்டு. 1963-ல் தங்கக் கட்டுப்பாடு வந்தபோது 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றார்கள், சில வருடம் கழித்துத்தான் தளர்த்தினார்கள். என் அப்பா அப்போது பட்டறையைப் பூட்டிவிட்டுச் சைக்கிள் கடையில் உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்து நகை மட்டமாக இருந்தால் செய்தவர் திருடர் என்று அர்த்தமில்லை.

ஹால்மார்க் மையத்தில் கொடுத்துத் தரம் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். மெஷின் நகையின் மேல்தோலைத்தான் பார்க்கும். முலாம் பூசியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் ஒரு ஓரத்தில் அரத்தால் தேய்த்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், கடையில் "எக்ஸ்சேஞ்ச்" என்றால் உங்கள் தங்கம் போய் அதன் விலைக்கு வேறு தங்கம் வரும். அதே தங்கத்தில் வேண்டும் என்றால் பட்டறையில் கொடுத்து, கண் முன்னால் உருக்கச் சொல்லுங்கள். மூசையில், அதாவது உருக்கும் கிண்ணத்தில் போடும் முன் ஒரு எடை, கட்டியாக எடுத்த பின் ஒரு எடை, இரண்டையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். முகம் சுளிக்கிறவரிடம் கொடுக்காதீர்கள். புது நகையில் ஹெச்யுஐடி என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் அடையாள எண் இருக்கவேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டுப் பார்க்கலாம்.

"ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறீர்களே, உங்கள் வீட்டு நகையை அழித்திருக்கிறீர்களா?" - ஒரு வாசகர், திருநெல்வேலி

அழித்திருக்கிறேன். ஆச்சியின் பாம்படம், தொங்கின காதில் போடுகிற பெரிய காதணி. 1986-ல் அவள் போன பிறகு என் தங்கை கல்யாணத்துக்கு இரண்டு வளையல் தேவைப்பட்டது. தொங்கின காது யாருக்கும் இல்லை, பாம்படத்தை யார் போடப்போகிறார்கள் என்று நானே உளியை எடுத்தேன். மேலே மெல்லிய தகடு, உள்ளே முழுக்க அரக்கு. உருண்டை, சதுரம், பட்டை என்று ஒவ்வொன்றாகத் தகட்டை உரித்தேன். இரண்டு வளையலுக்குப் பற்றவில்லை, ஒரு வளையல்தான் வந்தது.

அதற்குப் பத்து வருடம் கழித்துச் சென்னையிலிருந்து ஒருவர் பாம்படம் செய்து தரமுடியுமா என்று கேட்டு வந்தார். எனக்குத் தெரியவில்லை. தெரிந்த பெரியவர்களைத் தேடிப் போனபோது ஒருவர் படுத்த படுக்கை, இன்னொருவருக்குப் பார்வை இல்லை. உரித்தபோது தகடு எப்படி மடிந்திருந்தது என்று நான் கவனித்திருக்கலாம், அவசரத்தில் கவனிக்கவில்லை.

அரக்குத் துண்டுகளை மட்டும் ஏனோ தூக்கிப் போடவில்லை. ஒரு காதின் உருண்டையும் சதுரமும் இன்னும் இழுப்பறையில் கிடக்கின்றன. தகட்டின் மடிப்பு ஓரங்கள் அரக்கில் கோடாகப் பதிந்திருக்கும், வேலை இல்லாத மத்தியானங்களில் லென்ஸை வைத்துப் பார்ப்பேன்.