ஒரு பக்க எல்இடி ஃபாக் லைட் மினுக்குதா? எர்த்தைப் பாருங்க

வணக்கம். கார் ஃபாக் லைட்ல ஹாலஜன் பல்பை எடுத்துட்டு எச்11 வகை எல்இடி பல்பு போட்டதும் இடது பக்கம் மட்டும் மினுக்குது, மழை பெஞ்சா அதிகமாகுதுன்னு எழுதியிருக்கீங்க. மினுக்கலை நிறுத்த வயர்ல சேர்க்கிற ரெசிஸ்டரை வாங்க அவசரப்படாதீங்க. முதல்ல ரெண்டு பல்பையும் இடம் மாத்துங்க. மினுக்கல் வலது பக்கம் போனா பல்புதான் கோளாறு. இடதுலயே இருந்தா சாக்கெட் இல்லேன்னா எர்த் (கார் பாடியில சேர்ற நெகட்டிவ் கனெக்‌ஷன்) கோளாறு.

லைட் எரியும்போதே மல்டிமீட்டர் கருப்பு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும், சிவப்பை சாக்கெட்டோட பின்பக்கத்துல இருந்து எர்த் பின்லயும் (உலோக முனை) வைங்க. 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் போல்ட்டைக் கழட்டி, துரு போகத் தேய்ச்சு மாட்டுங்க. அந்த உலோக முனையில பச்சை படிஞ்சிருந்தா தண்ணி உள்ள போயிருக்கு. ரப்பர் சீலையும் மாத்தணும்.

ரெண்டு பக்கமும் மினுக்கினா கேன்பஸ் டிகோடர் (எல்இடியை காரோட கம்ப்யூட்டரோட ஒத்துப்போக வைக்கிற கருவி) தேவைப்படலாம். ரெசிஸ்டர் போட்டா அது ரொம்ப சூடாகும், பிளாஸ்டிக் பம்பர்ல ஒட்டவே ஒட்டாதீங்க. இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னாடி எல்டிஏ (சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையம்) விதியையும் பாத்துடுங்க.