ரஷ்ய இசையமைப்பாளரும் பியானோ கலைஞருமான ரக்மானினோவ் எங்கே, எப்போது, என்ன வாசித்தார் என்று முழுப் பட்டியல் போட முடியுமா?

பெருமளவு முடியும். ஆனால் முதலில் நாட்காட்டியோடு மல்லுக்கட்ட வேண்டும். அவர் 1917 டிசம்பரில் ரஷ்யாவை விட்டுக் கிளம்பும்வரை அங்கே பழைய ஜூலியன் நாட்காட்டிதான். தன் இரண்டாம் பியானோ கான்செர்ட்டோவை (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) முழுதாக அவர் முதன்முதலில் வாசித்தது ரஷ்யக் கணக்கில் 1901 அக்டோபர் 27, நம் கணக்கில் நவம்பர் 9. வித்தியாசம் 13 நாள். 19ஆம் நூற்றாண்டுத் தேதி என்றால் 12 நாள்தான். இதைக் கவனிக்காதவர்கள் ஒரே கச்சேரியை இரண்டாக எண்ணிவிடுவார்கள்!

அமெரிக்கப் பகுதி சுலபம். மூன்றாம் கான்செர்ட்டோ 1909 நவம்பர் 28இல் வால்டர் டாம்ரோஷ் இசைக்குழுவை நடத்த நியூயார்க்கில் அரங்கேறியது; 1910 ஜனவரி 16இல் இசையமைப்பாளர் மாலர் நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை நடத்த அதையே அந்நகரின் கார்னகி ஹாலில் வாசித்தார். அந்த இசைக்குழுவின் ஆவணங்களை இணையத்திலேயே பார்க்கலாம். ரக்மானினோவின் கையெழுத்துப் பிரதிகளும் கடிதங்களும் போன்ற தாள்கள் மாஸ்கோ இசை அருங்காட்சியகத்திலும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலுமாகப் பிரிந்து கிடக்கின்றன.

என் அனுபவத்தில், அச்சிட்ட நிகழ்ச்சி நிரலை மட்டும் நம்பக் கூடாது. அது திட்டத்துக்குச் சான்று, வாசிப்புக்கு அல்ல. 1943 பிப்ரவரி 17இல் அமெரிக்காவின் நாக்ஸ்வில் நகரில் வாசித்ததுதான் அவருடைய கடைசிக் கச்சேரி. அதற்குப் பின் அறிவித்திருந்தவை உடல்நலக்குறைவால் ரத்தாயின. மறுநாள் செய்தித்தாளில் விமர்சனம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பட்டியலில் ஏற்றுங்கள். கூடுதலாக வாசித்த சிறு உருப்படிகளும் பெரும்பாலும் அங்கேதான் அகப்படும்.